ஜீப்பின் பின் அச்சு முனகுகிறதா?

கோழி கூவுமுன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் விழித்துக்கொண்டுவிடுகின்றன. மலைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தூக்குச் சட்டியும் கையுமாக அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏறிய வண்டி மாலையில் அதே வளைவுகளில் இறங்கியாக வேண்டும். தோட்டத்துக்குள் போய்விட்டாலோ தார்ச் சாலையும் கிடையாது. கல்லும் சேறுமே பாதை. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும், நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும் இதே கதைதான்.

இந்தப் பாடெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? எஞ்சினில் அன்று. எஞ்சினுக்குச் சிறு நோவு வந்தாலும் ஓட்டுநர் பதறிப்போய் மூடியைத் திறந்து பார்க்கிறார். வண்டியின் அடியில், இரு பின் சக்கரங்களுக்கும் நடுவே, சேறு பூசிக்கொண்டு பூசணிக்காய்போல் தொங்கும் இரும்புக் கூட்டைத்தான் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதற்குள்ளே இருப்பதுதான் ‘டிபரன்ஷியல்’. அது நோய்ப்பட்டால் முதலில் முனகும், பிறகு உறுமும், அதையும் கேளாதிருந்தால் ஒருநாள் மலைச்சரிவில் கையை விரித்துவிடும். ஆனால் அதன் முனகலைக் கேட்டு நோயைச் சொல்லிவிடலாம். இதற்கு விசேஷக் கருவிகள்கூட அதிகம் தேவையில்லை. காதும், கையும், ஒரு சாக்குக்கட்டியும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

கடிகாரக்காரர் கண்ட உபாயம்

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓடுகின்றன. பழைய ஜீப்பில் இரு பின் சக்கரங்களுக்கும் இடையே சுமார் ஒன்றேகால் மீட்டர் தூரம். கொண்டை ஊசி வளைவென்பது ஏறக்குறைய அரை வட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தால், வளைவு பெரிதோ சிறிதோ, வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிடச் சுமார் 4 மீட்டர் அதிகமாக ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பூட்டிவிட்டால் ஏதேனும் ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபட்டே தீரும்.

இந்தச் சங்கடத்துக்குப் பல்சக்கரங்களால் ஒரு தீர்வு கண்டு, 1820களில் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்றார் ஒனெஸிபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். தொழிலால் அவர் கடிகாரம் செய்கிறவர். அந்த ஏற்பாடுதான் இன்றும் மோட்டார் வண்டிகளில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஜீப்பின் வரலாறு அதைவிடச் சமீபத்தியது. 1940ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவத்துக்காகத் தோன்றி, இரண்டாம் உலக யுத்தத்தில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளாலும் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட வண்டி அது. 1945இல் குடிமக்களுக்கான ரகம் வெளிவந்தது. 1940களின் கடைசியில் பம்பாயில் மஹிந்திரா நிறுவனம் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பெயரும் முகமும் மாறினாலும் அதே வம்சத்து வண்டிகள் பல தலைமுறைக்கு இந்த நாட்டு மலைகளில் ஏறி இறங்கின. இன்றைக்கும் எஸ்டேட் கொட்டகைகளில் அவை உயிரோடு இருக்கின்றன.

கூட்டுக்குள்ளே இருப்பது என்ன? எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் நுனியில் ‘பினியன்’ என்ற சிறு பல்சக்கரம். அது ‘கிரவுன்’ என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆரம்பகாலக் குடிமக்கள் ரக ஜீப்புகளில் கிரவுனுக்கு 43 பற்கள், பினியனுக்கு 8 பற்கள். அதாவது பினியன் ஐந்தேகால் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றினால்தான் கிரவுன் ஒரு முறை சுற்றும். கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூண்டுக்குள் சிறு சக்கரங்கள் உண்டு. பட்டறைகளில் இவற்றை ‘ஸ்டார் பினியன்’ என்பார்கள். வளைவில் ஒரு சக்கரத்தை முந்தவிட்டு மற்றதைப் பிந்தவிடும் பஞ்சாயத்துக்காரர்கள் இவர்கள்தாம்.

எப்போது சத்தம் வருகிறது?

“அண்ணே, டிபரன்ஷியல் போச்சுண்ணே, ஒரே சத்தம்” என்று ஓட்டுநர் வந்து நிற்கும்போது, அனுபவமுள்ள மேஸ்திரி உடனே ஸ்பானரைத் தூக்குவதில்லை. “எப்போ சத்தம் வருது தம்பி? மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா?” என்றுதான் கேட்பார். பாதி நோய் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ‘ஊம்…’ என்று ஊளையிட்டால், கிரவுனும் பினியனும் தம் முன்பக்கப் பற்களில் தேய்ந்திருக்கலாம். அல்லது அவை ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் வைக்கப்பட்டிருக்கலாம். காலை எடுத்தவுடன், வண்டி எஞ்சினை இழுத்துக்கொண்டு இறங்கும்போது ஊளை வந்தால், பினியனைத் தாங்கும் பெயரிங்குகளின் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். பெயரிங் தளர்ந்தால் பினியன் முன்னும் பின்னும் நகர ஆரம்பித்துவிடும்.

மிதித்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி உறுமிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் பெயரிங் கோளாறு. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பினியன், சக்கரத்தைவிட ஐந்து மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் பெயரிங் மெல்லிய குரலில் சீறும். கிரவுனின் இரு பக்கத்துப் பெயரிங்குகள் தாழ்ந்த குரலில் உறுமும்.

நேர்ச் சாலையில் அமைதியாக ஓடி, வளைவுகளில் மட்டும் கரகரத்தால் குற்றவாளி ஸ்டார் பினியன். நேராக ஓடும்போது அவை தம் அச்சில் சுழல்வதே இல்லை. வளைவில்தான் அவற்றுக்கு வேலை.

ஒழுங்கான தாளத்தோடு ‘டொக், டொக்’ என்று தட்டினால் ஒரு பல் உடைந்திருக்கலாம். எந்தப் பல்? வண்டியை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் நேராக உருட்ட வேண்டும். அப்போது பழைய ஜீப்பின் சக்கரம் ஏறக்குறைய வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் கிரவுனின் பல். ஐந்துக்கு மேல் தட்டினால் பினியனின் பல். எண்ணத் தெரிந்த பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும் விஷயம் இது.

ஆள்மாறாட்டக்காரர்கள்

டிபரன்ஷியல் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுவதும் உண்டு. பட்டறைக்குப் பணத்தைக் கொட்டுமுன் இந்த ஆள்மாறாட்டக்காரர்களை ஒவ்வொருவராக விலக்கிவிட வேண்டும்.

முதல் ஆசாமி டயர். கரடு தட்டிய டயர் போடும் இரைச்சல், சாலை மாறினால் மாறிவிடும். தாரிலிருந்து மண்ணில் இறங்கியவுடன் சத்தம் ஓய்ந்தால் டிபரன்ஷியல் நிரபராதி. இரண்டாவது, சக்கரத்துப் பெயரிங். வெறிச்சோடிய நேர்ச் சாலையில் வண்டியை இடமும் வலமும் மெல்ல ஒடித்துப் பார்த்தால், பாரம் ஏறும் பக்கத்தில் உறுமல் அதிகமாகும். மூன்றாவது, டிரான்ஸ்பர் பெட்டி. இந்த வம்சத்து ஜீப்புகளில் அது பல்சக்கரங்களாலேயே ஓடுவது. சுபாவத்திலேயே பாட்டுக்காரப் பெட்டி. அதன் பாட்டு தண்டின் வழியாகப் பின்னே போய், பின் அச்சில் பிறந்ததுபோல ஒலிக்கும். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களை ஓடவிட்டு, நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கூட்டின் மேலும் பிடியைக் காதோரமும் வைத்துக் கேட்டால் எந்தப் பெட்டி பாடுகிறதென்று தெரிந்துவிடும். ஓடும் தண்டுக்கருகே வேட்டியும் துண்டும் ஆகாது என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

கியர் போட்டு கிளட்சை விடும்போது கேட்கும் ‘டங்’ சத்தத்துக்கோ அரை டஜன் வாரிசுகள். தண்டின் இரு முனையிலும் உள்ள ‘யுனிவர்சல் ஜாயிண்ட்’ தேய்ந்திருக்கலாம். அச்சைப் பட்டைச் சுருளோடு கட்டும் ‘யு’ போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். பழைய ரகங்கள் பலவற்றில் சக்கரத்தின் குடம், கூம்பு வடிவ அச்சு நுனியில் சாவியோடு பொருந்தி ஒரே நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அந்த நட்டு தளர்ந்தாலும் இதே சத்தம்தான். ஐந்து நிமிஷத்தில் இறுக்க வேண்டியதை விட்டுவிட்டால், சாவி வெட்டுப்பட்டு நடுவழியில் வண்டி நின்றுவிடும்.

நான்கு சக்கர இயக்கத்துக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. இந்த ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிபரன்ஷியல் கிடையாது. உலர்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் கனக்கும், லீவர் பிடித்துக்கொள்ளும், பல்சக்கரங்கள் முனகும். இது நோயன்று; தவறான பத்தியம். ஆகவே சத்தத்தைப் பரீட்சிக்கும்போது முன் சக்கர லீவரை எடுத்துவிட்டே ஓட்ட வேண்டும்.

சாக்குக்கட்டிப் பரீட்சை

இனி கையால் பார்க்கும் வைத்தியம். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின் அச்சைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டுகளில் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் படுக்கக்கூடாது.

முதலில், பினியனோடு தண்டு சேரும் கப்ளிங்கைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் அது சுழலுமே தவிர ஆடாது. கைக்குத் தெரியும் அளவு ஆடினாலே பினியன் பெயரிங் முடிந்துவிட்டது என்று பொருள். அங்கே எண்ணெய் கசிந்தால் ஆயில் சீலை மாற்றிவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் உண்டு. தண்டு ஆடும்வரை எத்தனை சீல் மாற்றினாலும் கசியத்தான் செய்யும்.

அடுத்து, இரு சக்கரங்களையும் ஆட்கள் அசையாமல் பிடித்துக்கொள்ள, கப்ளிங்கை இப்புறமும் அப்புறமும் திருப்பி, சும்மா சுழலும் தூரத்தைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். சிறிது ஓட்டம் இருப்பது இயல்பு. ஆனால் கிரவுனுக்கு அப்பால், ஸ்டார் பினியனிலோ அச்சுத் தண்டின் பற்களிலோ ஏற்பட்ட தேய்மானம் இங்கே ஐந்து மடங்குக்கு மேல் பெருகித் தெரியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கப்ளிங் கால் சுற்று சும்மா திரும்புகிறதென்றால் கிரவுன் பற்களைத் திட்டுவதற்கு முன் ஸ்டார்களைப் பார்க்க வேண்டும்.

பழைய வண்டி வாங்கியவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தரையில் விட்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, தண்டு எத்தனை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். அந்த எண்ணே பல் விகிதம். முன் அச்சிலும் அதே எண்ணிக்கை வர வேண்டும். வேறு ரக ஜீப்பின் கிரவுன்–பினியனை யாரோ பின்னால் மாட்டியிருந்தால் இங்கே அகப்பட்டுக்கொள்ளும். இரு அச்சுக்கும் விகிதம் வேறுபட்ட வண்டியை நான்கு சக்கரத்தில் ஓட்டுவது, இரு காளைகளை எதிரெதிரே பூட்டி ஏர் ஓட்டுவதற்குச் சமம்.

எண்ணெய் சொல்லும் சாட்சி

வண்டி ஓடிவந்து சூடாக இருக்கும்போதே எண்ணெயை ஒரு தட்டில் வடித்து, அதில் ஒரு காந்தத்தை ஓட்ட வேண்டும். சந்தனம்போல் நைந்த சாம்பல் நிறக் குழம்பு ஒட்டினால் கவலையில்லை. அது வயதின் அடையாளம். மினுமினுக்கும் செதில்கள் ஒட்டினால் பெயரிங்கோ பல்லோ தோலுரிகிறது. நகத்துணுக்குபோல் துண்டுகள் வந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் ஓடையில் இறங்கியபோது தண்ணீர் புகுந்திருக்கிறது.

கூட்டின் மேலே காற்று விடும் சிறு துவாரம் ஒன்று உண்டு. சேறு அதை அடைத்துவிட்டால், சூட்டில் பெருகும் காற்று எண்ணெயைச் சீல்களின் வழியே வெளியே தள்ளும். அச்சின் முனை வழியாகத் தள்ளப்பட்ட எண்ணெய் நேரே பிரேக் கட்டைகளில் போய்ச் சேரும். இரண்டு நிமிஷம் துடைக்கச் சோம்பிய துவாரத்தால் பிரேக்கே போய்விடும்!

ஊற்ற வேண்டியது ஹைபாய்டு எண்ணெய்தான். இந்தப் பின் அச்சுகளில் பினியன், கிரவுனின் நடுவுக்குச் சற்றுக் கீழே அமர்ந்திருக்கிறது. ஆகவே பற்கள் உருளுவதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே கந்தகமும் பாஸ்வரமும் சேர்ந்த எண்ணெய் தயாரிக்கப்படுகிறது. மிச்சமிருக்கும் எஞ்சின் எண்ணெயை ஊற்றிச் சமாளிப்பது சிக்கனமல்ல.

சந்தேகம் தீரவில்லையென்றால் பின்மூடியைக் கழற்றிவிடலாம். ஜீப்பில் இது சுலபம். சில போல்ட்டுகளோடு முடிந்தது. பற்களில் வண்ணக் குழம்பைத் தடவிச் சுழற்றினால் அவை எங்கே உரசுகின்றன என்பது அச்சாகப் பதியும். பல்லின் நடுவில் பதிந்தால் நலம். நுனியில் பதிந்தால் பினியன் விலகி நிற்கிறது. வேரில் பதிந்தால் அதிகமாக நெருங்கியிருக்கிறது. மயிரிழை போன்ற ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்வதற்கு அளவுக் கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். இதை மட்டும் வீட்டில் செய்து பார்க்கலாகாது.

கை பிரேக் கைவிடும் நேரம்

சத்தம் வந்தால் என்ன, ஓடுகிறவரை ஓடட்டும் என்று சொல்கிறவர்கள் ஒரு செய்தியை அறிந்துகொள்வது அவசியம். பழைய ரக ஜீப்புகளில் கை பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்னால் ஒரு டிரம்மில் இருக்கிறது. அது பிடிப்பது பின் தண்டை. தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருக்கும் ஒரே உறவு டிபரன்ஷியல்தான்.

டிபரன்ஷியலில் பல் முறிந்தால் என்ன ஆகும்? இறக்கத்தில் வண்டியைப் பிடித்துவைக்கும் எஞ்சினின் இழுவை அந்தக் கணமே போய்விடும். கை பிரேக்கை இழுத்தால் டிரம் நிற்கும், சக்கரம் நிற்காது. மிஞ்சுவது கால் பிரேக் ஒன்றே. அந்தக் காலத்து வண்டிகளில் அதற்கும் நான்கு சக்கரங்களுக்குமாக ஒரே எண்ணெய்க் குழாய் வழி. பின் சக்கரக் கட்டைகளில் சீல் கசிந்த எண்ணெயும் ஏறியிருந்தால், வண்டியில் இருப்பவர்களின் உயிர் முன் சக்கரத்தின் இரண்டு பிரேக்கைத்தான் நம்பியிருக்கிறது. குடிமக்கள் ரக ஜீப்புகளில் அச்சுத் தண்டே வண்டியின் பாரத்தையும் தாங்குவதால், அது முறிந்தால் சக்கரமே வெளியே வந்துவிடவும் கூடும்.

நல்ல டிபரன்ஷியலிலும் ஓர் அபாயம் உண்டு. சரிவில் பஞ்சர் போட ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியவுடன் கை பிரேக் பயனற்றதாகிவிடும். தண்டு அசையாமல் நிற்க, தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையிலுள்ள சக்கரம் மறுபக்கமும் சுழல டிபரன்ஷியல் தாராளமாக இடம் கொடுக்கும். வண்டி உருண்டுவிடும். ஆகவே இந்த வண்டிகளைச் சரிவில் நிறுத்தும்போது நான்கு சக்கரத்தையும் பூட்டி, கியரிலும் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் கொடுக்க வேண்டும். கல் வைப்பதை எந்த ஓட்டுநரும் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

வாங்குமுன், மாற்றுமுன்

பழைய வண்டிச் சந்தையில் உலகெங்கும் வழங்கும் ஒரு பழைய தந்திரம், சத்தம் போடும் கூட்டுக்குள் மரத்தூளையோ கிரீஸையோ அடைத்து ஊமையாக்கிவிடுவது. சில நாள் வண்டி மௌன விரதம் காக்கும். எண்ணெய் ஊற்றும் துவாரத்தில் சுண்டுவிரலை விட்டு, வருவதை முகர்ந்தும் தேய்த்தும் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே அரைத்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றியாக வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிச் சந்தைகளில் வாங்குகிறவர்கள், இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். வேறு ஜோடிகளைச் சேர்த்து வைத்தால் அவை ஆயுள் முழுதும் சண்டையிடும்.

வழியிலேயே முறிந்து, ஆனால் சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவென்றால், அச்சுத் தண்டு முறியவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டபின், பின் தண்டைக் கழற்றிவிட்டு முன் சக்கர இழுப்பில் மெல்ல வீடு சேரலாம். நான்கு சக்கர வண்டிக்கு மட்டுமே உள்ள பாக்கியம் இது. ஆனால் ஆட்களை ஏற்றக் கூடாது, பாரமும் கூடாது.

பினியன் பெயரிங் சீறத் தொடங்கியபோதே மாற்றினால் பெயரிங்கோடும் சீலோடும் செலவு முடிகிறது. தள்ளிப்போட்டால் கிரவுன், பினியன், ஸ்டார் எல்லாமே சேர்ந்து போய்விடும். அதையும் தள்ளிப்போட்டால் ஆகும் செலவைப் பணத்தால் அளக்க முடியாது. மலைக்குச் சவாரி ஏற்றும் ஒவ்வொரு வண்டிக்காரரும் வாரத்துக்கு ஒரு முறை, ஆள் ஏறுமுன், கப்ளிங்கை ஆட்டிப் பார்த்து, சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று விளக்கடித்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கிரவுனும் தெரியாது, பினியனும் தெரியாது. ஓட்டுகிறவர் எல்லாம் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் ஏறுகிறார்கள்.